கே.பி.சுந்தராம்பாள்: கொண்டாட வேண்டியது மேடையையா, படத்தையா?

குண்டாற்றங்கரை (செங்கோட்டை)

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் 2 எங்கள் ஊர் நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பாவின் நினைவு நாள். அதையொட்டி எங்கள் ஊர் வாசகர்கள் சிலர் சேர்ந்து ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கிட்டப்பா என்றால் அவரோடு மேடையேறிய மனைவி கே.பி.சுந்தராம்பாள் கூடவே வந்துவிடுவார், அதனால் பாதி நேரம் அவருக்கு. அந்தப் பாதியில் என்ன வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் தகராறு. திரை கட்டி 'ஔவையார்', 'பூம்புகார்', 'திருவிளையாடல்' காட்சிகளைப் போட்டால் கூட்டம் எழுந்து போகாமல் இருக்கும் என்கிறார்கள் மற்றவர்கள். நான் கூடாது என்கிறேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். கொடுமுடியில் 1908-ல் பிறந்த அந்தப் பிள்ளை வறுமையில் ரயிலில் பாடித் திரிந்து, வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, நல்லதங்காளின் மூத்த மகனாக முதல் வேஷம் கட்டியது. பசிக்கிறது என்று பாடும் வேஷம். பசியை அது யாரிடமும் போய்க் கற்க வேண்டியிருக்கவில்லை. பிறகு இலங்கையில் மேடை மேடையாக நடித்துப் பெயர் வாங்கி, 1926-ல் கொழும்பில் எங்கள் கிட்டப்பாவுடன் 'வள்ளித் திருமணம்' நாடகத்தில் வள்ளியாக நின்றார். அடுத்த வருஷம் மாயவரத்தில் கல்யாணம். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27, இவருக்கு 25. அன்று உடுத்திய வெள்ளைச் சேலையைச் சாகும்வரை மாற்றவில்லை. எந்த ஆணுக்கும் ஜோடியாக இனி நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார், கடைசிவரை அப்படியே இருந்தார்.

அதற்குப் பிறகு வந்த வேஷங்களைப் பாருங்கள். நந்தன், மணிமேகலை, ஔவை, கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார். எல்லாம் பக்தியும் துறவும். சிரித்து, சீண்டி, கோபித்து, ஒரு ஆணோடு சரிக்குச் சரி வாதாடும் வள்ளி அதில் எங்கே? தமிழ் மேடையின் மிகப் பெரிய நடிகை 1933-ல் நின்றுவிட்டார் என்பது என் கட்சி. படத்தில் நமக்குக் கிடைத்தது பாடகி. பெரிய பாடகி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நடிகையைப் பற்றிப் பேச உட்கார்ந்துவிட்டு, நடிப்பை விட்டபிறகு வந்ததை ஏன் காட்ட வேண்டும்?

பாளை டீச்சர்

குண்டாற்றங்கரை அண்ணாச்சி, உங்கள் கணக்கு எனக்கு ஒப்பவில்லை. சுந்தராம்பாள் 1980 வரை இருந்தார். கிட்டப்பா போன பிறகு 46 வருஷத்துக்கு மேல். கிட்டப்பாவோடு மேடையில் நின்றது ஏழெட்டு வருஷம். உங்கள் ஊர்க்காரர் கூட நின்ற காலம் மட்டும்தான் வாழ்க்கை, மீதியெல்லாம் வால் என்று ஒரு பெண்ணைப் பற்றி எப்படி எழுத மனம் வருகிறது?

நடிப்பை விட்டார் என்கிறீர்கள். விட்டது ஜோடி வேஷத்தை. இரண்டும் ஒன்றா? தமிழில் பேசும் படம் வந்ததே 1931-ல். நான்கே வருஷத்தில், 1935-ல், 'நந்தனார்' படத்துக்கு அவருக்குக் கொடுத்த சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்து லட்சம். அதுவும் காதல் காட்சிக்காக இல்லை. ஒரு ஆணின் வேஷத்துக்கு. அதில் வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர், கச்சேரி மேடையில் கொடிகட்டிப் பறந்தவர். அவருக்கு எதிரே பண்ணையாளாகக் கைகட்டி நின்று பாடியவர் இந்த அம்மாள்.

அப்புறம் 1953-ல் வாசன் எடுத்த 'ஔவையார்'. அந்த அம்மாளுக்கு 45 வயது. படம் முழுக்க ஒரு கிழவி. கணவன் கிடையாது, பிள்ளை கிடையாது. மூவேந்தர் சபைக்கும் போகிறாள், குடிசைக்கும் போகிறாள், அரசனையும் அதட்டுகிறாள். அந்தப் படத்தை வீடு வீடாக வண்டி கட்டிப் போய்ப் பார்த்தார்கள் என்று என் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்றைக்கும் 45 வயது நடிகைக்கு நம் சினிமா என்ன கொடுக்கிறது? கதாநாயகனுக்கு அம்மா வேஷம், அதிலும் பாதியில் செத்துப் போகிற அம்மா. ஆண் துணை இல்லாத ஒரு முதியவளைப் படத்தின் நடுவில் நிறுத்தி ஓடவைக்க முடியும் என்று காட்டியவர் சுந்தராம்பாள். அதை வெறும் பாட்டு என்று ஒதுக்கினால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

1958-ல் காமராஜர் காலத்தில் சென்னை மேலவையில் உறுப்பினராக உட்கார்ந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் சத்தியமூர்த்தி அழைத்துக் காங்கிரஸ் மேடைகளில் பாடியவர். கிட்டப்பாவின் மனைவி என்பதற்காக அந்த நாற்காலி வரவில்லை.

தென்காசி நர்ஸ்

நான் இரண்டு பேரிடமும் ஒன்று கேட்க வேண்டும். வெள்ளைச் சேலையை ஏன் ஏதோ பட்டம் மாதிரிச் சொல்கிறீர்கள்?

சுந்தராம்பாளைக் கட்டும்போதே கிட்டப்பாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அந்த வீட்டிலும் ஒரு பெண் இருந்தார். ஆணுக்கு இரண்டு கல்யாணம், 25 வயதுப் பெண்ணுக்கு ஆயுள் முழுக்க வெள்ளை. இருவருக்கும் இடையில் சண்டையும் பிரிவும் இருந்தது என்பது அவர்களுடைய கடிதங்கள் அச்சில் வந்தபிறகு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிறந்த பிள்ளையும் தங்கவில்லை. இவ்வளவையும் சுமந்த ஒருவரை ஊர் கூடி 'பத்தினி' என்று கும்பிட்டதில் அவருக்கு என்ன லாபம்? நடிகைக்கு அது நஷ்டம் என்று குண்டாற்றங்கரை சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் அவர் ஏதோ விதி வந்து பறித்த மாதிரி எழுதுகிறார். பறித்தது நம் சனத்தின் எதிர்பார்ப்பு. விதவை இன்னொருவனோடு மேடையில் கொஞ்சினால் டிக்கெட் வாங்கிய கைகளே கல்லை எடுத்திருக்கும்.

நிகழ்ச்சியில் அந்த விரதத்தைப் புகழ்ந்து யாரும் பேசக் கூடாது. என் கோரிக்கை அவ்வளவுதான்.

விளாத்திகுளத்தான்

நான் நாடகக்காரர்களோடு பழக்கம் உள்ளவன். எங்கள் பக்கம் இன்றைக்கும் கோயில் விழா என்றால் வள்ளித் திருமணம் போடுகிறார்கள். 'வள்ளியை விட்டபிறகு நடிப்பு இல்லை' என்பதற்கும் 'ஜோடி வேஷத்தை மட்டும்தான் விட்டார்' என்பதற்கும் இடையில் ஒரு விஷயம் விட்டுப் போகிறது. வள்ளி என்பது என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை.

ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் என்கிற கதாநாயகன் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் என்கிற கதாநாயகி ஒரு ஊர், கோமாளி பபூன் ஒரு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாக அட்வான்ஸ் கொடுத்துப் பேசிக் கூட்டி வருவார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் மேடையில்தான் சந்திப்பார்கள். எல்லோருக்கும் சங்கரதாஸ் சுவாமிகளின் கதையும் பாட்டும் மனப்பாடம் என்பதால் நாடகம் நடக்கிறது. சுவாமிகள் தூத்துக்குடிச் சீமைக்காரர், அன்றைக்கு அது திருநெல்வேலி ஜில்லா. கிட்டப்பாவே சின்னப் பிள்ளையில் சுவாமிகளின் சபாவில் வேஷம் கட்டியவர்தான். கொடுமுடி அம்மாள் நம் பக்கத்து எழுத்தைப் பாடி, நம் பக்கத்து ராஜபார்ட்டோடு நின்று வள்ளி ஆனார். இதை மேடையில் யாராவது சொல்லுங்கள்.

பபூனும் டான்ஸும் முடிந்து நாரதர் வருவார். அப்புறம் தினைப்புனம். வள்ளி ஆலோலம் பாடிக் குருவி ஓட்டுவாள். நாரதரோடு ஒரு தர்க்கம். அவர் போய் முருகனிடம் சொல்ல, முருகன் வேடனாக வருவார். அங்கிருந்துதான் ஆட்டம். வேடன் கேட்பான், வள்ளி மறுப்பாள். பாட்டில் கேட்டால் பாட்டில், வசனத்தில் கேட்டால் வசனத்தில், அந்த நிமிஷமே. ராஜபார்ட் நினைத்த இடத்தில் ராகத்தை மாற்றுவார். ஆர்மோனியக்காரர் பிடித்துக்கொள்வார், மிருதங்கமும், விசேஷச் சத்தங்கள் எழுப்பும் ஆல்ரவுண்டும் கூட ஓடும், வள்ளி அதே ராகத்தை எடுத்து அவர் விட்ட இடத்துக்கும் மேலே போய்த் திரும்ப வேண்டும். புராணத்தில் கேள்வி வரும், தத்துவத்தில் வரும், சமயத்தில் அன்றைய அரசியலில் வரும். பதில் வராவிட்டால் சனம் சும்மா இருக்காது. விடியும்வரை இதே கதி.

கிட்டப்பா காலத்தில் மைக் கிடையாது. கொட்டகையில் கடைசி வரிசை தரை டிக்கெட் வரைக்கும் தொண்டைதான் போய்ச் சேர வேண்டும். கிட்டப்பாவின் உச்ச ஸ்தாயிக்கு எதிரே நின்று பாட எத்தனை பேரால் முடிந்திருக்கும்? அந்த அம்மாளால் முடிந்தது. அதனால்தான் ஜோடி என்று சனம் சொன்னது. முகம் பொருந்தியது என்பதற்காக இல்லை.

ஆக, பாட்டு வேறு நடிப்பு வேறு என்று கோடு போட்டுப் பேசுவது எங்கள் மேடைக்குப் பொருந்தாது. வள்ளியின் நடிப்பே தொண்டையில்தான் இருந்தது.

தென்காசித் தங்கச்சிக்கு ஒரு சொல். அன்றைக்கு வேஷம் கட்டும் பெண்ணை ஊர் எப்படிப் பேசியது என்று உங்களுக்குத் தெரியும். விடிந்ததும் ஆளுக்கு ஒரு வார்த்தை. கதர் வெள்ளையும் விபூதியும் வந்தபிறகு அந்த வாய் அடங்கியது. அம்மாள் அதைத் தெரிந்தே உடுத்தினார் என்று நான் நம்புகிறேன்.

குண்டாற்றங்கரை (செங்கோட்டை)

விளாத்திகுளத்து அண்ணாச்சி, நீங்கள் எழுதியது என் கட்சிக்குத்தான் பலம். விடிய விடிய எதிராளியின் கேள்விக்கு அந்த நிமிஷமே பதில் கண்டுபிடிக்கிற ஒரு மூளை, கேமரா முன்னால் போய் எழுதிக் கொடுத்த நான்கு வரியைப் பாடிவிட்டு வந்தால் அது வளர்ச்சியா?

டீச்சர் 'நந்தனார்' சம்பளத்தைச் சொன்னார்கள். அந்தப் படம் வந்தபோது கல்கி விகடனில் என்ன எழுதினார் என்றும் சொல்ல வேண்டும். படத்தில் நன்றாக நடித்தவை என்று பனைமரத்தையும் எருமைக்கடாவையும் எடுத்துச் சொன்னார். மேடையில் ஆயிரக்கணக்கான பேரைக் கட்டிப் போட்டவருக்குத் திரையில் கிடைத்த வரவேற்பு இது. காரணம் அந்த அம்மாளின் குறை இல்லை. எதிரே ஆள் இல்லை. கேள்வி கேட்க வேடன் இல்லை.

ஊர்ப் பெருமைக்காக நான் பேசுவதாக டீச்சர் நினைக்கிறார்கள். கிட்டப்பா பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜ்யம். 1956-ல்தான் திருநெல்வேலி ஜில்லாவுக்கு வந்தது, இப்போது தென்காசி மாவட்டம். இப்படி எல்லை மாறிக்கொண்டே வந்த ஊரில் நின்றுகொண்டு எல்லைச் சண்டை போட எனக்கு ஆசை இல்லை. மறைந்து போன ஒரு கலையைப் பற்றிப் பேசுகிறேன். படம் தட்டில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். வள்ளி எங்கே இருக்கிறாள்? கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் ஓடும். அந்த மூன்று நிமிஷத்துக்குள் அடக்கிப் பாடிய பாட்டுகள்தான் மிச்சம். அதைத் தேடிப் போட்டு, அதைப் பற்றிப் பேசுவோம் என்கிறேன்.

பாளை டீச்சர்

எதிரே ஆள் இல்லை என்கிறீர்கள். சரி, 'கந்தன் கருணை' பார்த்திருக்கிறீர்களா? 1967. அம்மாளுக்கு ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வயது. ஔவை வேஷம். முருகன் எதிரே நின்று கேள்வி கேட்கிறார். அரியது எது, கொடியது எது, பெரியது எது, இனியது எது என்று ஒவ்வொன்றாக. ஔவை ஒவ்வொன்றுக்கும் பாட்டிலேயே பதில் சொல்கிறாள். அண்ணாச்சி, இது தர்க்கம் இல்லாமல் வேறென்ன? கேட்பவர் அதே முருகன். பதில் சொல்பவர் 1926-ல் கொழும்பில் பதில் சொன்ன அதே அம்மாள்.

அதற்கு இரண்டு வருஷம் முந்தைய 'திருவிளையாடல்' காட்சியையும் பாருங்கள். மாம்பழம் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போய் நிற்கிற சின்னப் பிள்ளை முருகன். சமாதானம் சொல்ல வருகிற ஔவை. முதலில் புகழ்ந்து பார்க்கிறாள், அப்புறம் உரிமையோடு இறங்குகிறாள். கை கால் ஆட்டம் கிடையாது. நின்ற இடத்தில் நின்று, கழுத்து நரம்பு தெரிய, ஒரு வரியைத் திரும்பத் திரும்ப எடுத்து ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி விடுகிறாள். இது ஸ்டூடியோவில் கற்ற வித்தை இல்லை. விளாத்திகுளத்து அண்ணாச்சி சொன்ன அந்தக் கொட்டகையில் கற்றது.

மேடை 1933-ல் நின்றது என்று நீங்கள் சொல்கிறீர்கள். நிற்கவில்லை. மேடையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்த் திரைக்குள் வைத்தார். முருகனிடம் வாதாடுவதை அவர் ஒருநாளும் விடவில்லை. காதலியாக வாதாடியவர் கிழவியாக வாதாடினார். வேஷம்தான் மாறியது. 1969-ல் 'துணைவன்' படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகி என்று தேசிய விருது கொடுத்தார்கள். எனக்கு அதில் வருத்தம். நடித்ததையும் பாடியதையும் பிரித்துப் பாதிக்கு மட்டும் விருது கொடுத்த மாதிரி இருக்கிறது. நீங்கள் செய்வதும் அதேதான்.

ஸ்ரீவைகுண்டத்துப் பேரன்

பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கே வருகிறேன். திருநெல்வேலிச் சீமையில் ஒரு நடிகையைக் கொண்டாடுவது என்றால் ஏன் கொடுமுடி வரைக்கும் போக வேண்டும்? எங்கள் ஊர் எஸ்.டி.சுப்புலட்சுமியை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? பெயரின் முதல் எழுத்தே ஸ்ரீவைகுண்டம்.

அவரும் மேடைக்காரர்தான். தியாகராஜ பாகவதரோடு 'பவளக்கொடி' நாடகத்தில் ஜோடி. அந்த நாடகத்தைப் பார்த்துத்தான் கே.சுப்ரமணியம் 1934-ல் அதைப் படமாக எடுத்தார். பாகவதருக்கும் அதுதான் முதல் படம், இவருக்கும் முதல் படம். 1936-ல் 'பக்த குசேலா'. அதில் கிருஷ்ணனும் இவரே, குசேலர் மனைவியும் இவரே. பிள்ளைகளை வைத்துக்கொண்டு சோற்றுக்குத் திண்டாடுகிற ஏழைப் பெண்ணாகவும் துவாரகை ராஜாவாகவும் ஒரே படத்தில் வந்தார்.

அதைவிடப் பெரிது 1939-ன் 'தியாகபூமி'. கல்கி விகடனில் தொடராக எழுதிய கதை. கணவனால் விரட்டப்பட்ட சாவித்திரி அத்தையின் சொத்து கிடைத்து உமாராணி என்ற பெரிய பணக்காரி ஆகிறாள். அப்புறம் அந்தக் கணவன் வழக்குப் போட்டுக் கூப்பிடுகிறான். அவள் மாட்டேன் என்கிறாள். வேண்டுமானால் உனக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள். கடைசியில் சுதந்திரப் போராட்டத்துக்குப் போகிறாள். வெள்ளைக்காரன் அந்தப் படத்தைத் தடை செய்தான். தென்காசி அக்கா கேட்கிற கேள்விக்கு 1939-லேயே திரையில் பதில் சொன்ன பெண் நம் தாமிரபரணிக் கரைக்காரர். செங்கோட்டையில் இவருக்குப் பத்து நிமிஷம் கிடையாதா?

தென்காசி நர்ஸ்

தம்பி சொன்னதைக் கேட்டு சந்தோஷம். அந்தச் சாவித்திரி எனக்கு வேண்டும்.

விளாத்திகுளத்து அண்ணனுக்கு ஒரு பதில். வெள்ளைச் சேலை அவருக்குக் கவசம் என்றீர்கள். ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வேலை செய்கிற பெண்ணுக்குக் கவசம் தேவைப்பட்டது என்றால் குற்றம் யாருடையது? நான் ராத்திரி டியூட்டிக்குப் போகிறவள். பஸ் ஸ்டாண்டில் பார்வை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் என்ன உடுத்தினார் என்பதை மெச்சுவதைவிட, ஏன் உடுத்த வேண்டி வந்தது என்று பேசுவது அவருக்கு மரியாதை.

விளாத்திகுளத்தான்

தங்கச்சி, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அம்மாளே வாய் திறந்து அது தன் விருப்பம் என்ற மாதிரிதான் வாழ்ந்து காட்டினார். துக்கத்தையும் நாம் அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளக் கூடாது. கிட்டப்பாவை அவர் நேசித்தது நிஜம். சண்டை போட்டதும் நிஜம். இரண்டையும் சொல்லலாம்.

தென்காசி நர்ஸ்

நேசித்ததைச் சொல்லுங்கள். நானும் கேட்கிறேன். 'இப்படித்தான் பெண் இருக்க வேண்டும்' என்று ஒரு வாக்கியம் மட்டும் வரக் கூடாது.

குண்டாற்றங்கரை (செங்கோட்டை)

டீச்சர், 'கந்தன் கருணை' காட்சியை மறுபடி பார்த்தேன். கேள்வி பதில் என்பது சரிதான். ஆனால் அங்கே முருகன் குருவாக நின்று கேட்கிறான், ஔவை பக்தையாகப் பதில் சொல்கிறாள். கேட்கிறவன் தோற்க வாய்ப்பே இல்லை. வள்ளியிடம் முருகன் தோற்பான். கெஞ்சுவான், கிழவன் வேஷம் போடுவான், கடைசியில் அண்ணனிடம் போய் யானையை அனுப்பு என்று கேட்பான். சாமியையே தவிக்க விடுகிற பெண் வள்ளி. இத்தனை அதிகாரம் எந்த ஔவை வேஷத்திலும் இல்லை. அதே படத்தில் வள்ளியாக வந்தவர் ஜெயலலிதா. அந்த வள்ளிக்குப் படத்தில் கொடுத்த நேரத்தையும், மேடையில் வள்ளிக்குக் கிடைக்கும் ராத்திரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சினிமா வள்ளியின் வாயை அடைத்துவிட்டது. நான் வருத்தப்படுவது அதற்குத்தான். சுந்தராம்பாளைக் குறைத்துப் பேசுவதற்காக இல்லை.

எஸ்.டி.சுப்புலட்சுமி பற்றித் தம்பி சொன்னது மனதில் தைத்தது. ஆனால் பத்து நிமிஷம் கொடுத்தால் அது அவருக்கு அவமரியாதை. ஸ்ரீவைகுண்டத்திலேயே தனியாக ஒரு நாள் வையுங்கள். எங்கள் ஆட்கள் வந்து நாற்காலி தூக்குவார்கள்.

ஸ்ரீவைகுண்டத்துப் பேரன்

தனி நாள் வைக்க எங்களிடம் இப்போதைக்கு ஆள் இல்லை அண்ணாச்சி. பத்து நிமிஷம் கொடுங்கள். பிற்பாடு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

பாளை டீச்சர்

தம்பிக்குப் பத்து நிமிஷம் கொடுங்கள் அண்ணாச்சி. மறுக்க உங்களுக்கு என்ன இருக்கிறது? சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய 'பவளக்கொடி'யில் இருந்து ஒருவர், அவரே எழுதிய 'வள்ளித் திருமண'த்தில் இருந்து ஒருவர். இரண்டு பெண்களும் ஒரே எழுத்தில் இருந்து புறப்பட்டுப் படத்துக்குப் போனவர்கள். சேர்த்துச் சொன்னால்தான் அழகு.

முருகன் தோற்கிற விஷயம் பற்றி. நீங்கள் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வள்ளி கடைசியில் யானைக்குப் பயந்து கிழவனின் கையைப் பிடிக்கிறாள், கல்யாணத்தில் கதை முடிகிறது. விடிய விடிய ஜெயித்தவள் விடிந்ததும் தோற்கிறாள். ஔவை யார் கையையும் பிடிப்பதில்லை. வந்த மாதிரியே நடந்து போகிறாள். 'பூம்புகார்' படத்துக் கவுந்தியடிகளும் அப்படித்தான். கோவலனும் கண்ணகியும் கூட வர, அந்த ஓடப் பாட்டைப் பாடிக்கொண்டு முன்னால் நடக்கிறாரே, அவர் யாருடைய மனைவி? யாருடைய தாய்? அந்த நடையை ஒரு நடிகை சும்மா பெற முடியாது.

விளாத்திகுளத்தான்

இரண்டு பேரும் விடமாட்டீர்கள் போல. நான் ஒரு வழி சொல்கிறேன், காரியம் நடக்கட்டும்.

முழு நாடகம் போட விடியும்வரை மண்டபம் கிடைக்காது. ஸ்திரீபார்ட் ஒருவர், ராஜபார்ட் ஒருவர், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்று ஐந்து பேர் போதும். நாரதர் வேண்டாம். தினைப்புனத்தில் ஆலோலத்தோடு தொடங்கி, வேடன் வந்து, தர்க்கம் ஒன்றரை மணி நேரம். அது முடிந்த கையோடு விளக்கை அணைத்து டீச்சர் சொன்ன முருகன்–ஔவை கேள்வி பதில் காட்சியைத் திரையில் போடுங்கள். இடையில் பேச்சு வேண்டாம். முதலில் கிட்டப்பா தட்டு ஒன்று, சுந்தராம்பாள் தட்டு ஒன்று. தம்பிக்குப் பத்து நிமிஷம் நடுவில் இல்லை, முதலிலேயே. கூட்டம் தெளிவாக இருக்கும்போது.

ஸ்திரீபார்ட்டுக்கு நான் ஒருவரைக் கேட்டு வைக்கிறேன். நல்ல வாக்குவன்மை, நல்ல சாரீரம். ஆனால் மார்கழி முன்பணம் வாங்கும் காலத்துக்கு முன்னால் தேதியைச் சொல்லிவிட வேண்டும். அவருக்கும் ராஜபார்ட்டுக்கும் ஒரே சம்பளம் கொடுக்க வேண்டும். இது என் நிபந்தனை.

குண்டாற்றங்கரை (செங்கோட்டை)

ஒரே சம்பளம் சரி. தர்க்கம் ஒன்றரை மணி நேரம் மிகவும் சரி. தம்பிக்கு முதல் பத்து நிமிஷமும் சரி. 'தியாகபூமி'யில் எந்தக் காட்சி என்று தம்பி எழுதி அனுப்பட்டும்.

படக்காட்சி பற்றி மட்டும் நான் இன்னும் சம்மதிக்கவில்லை. தர்க்கம் முடிந்த கையோடு போட்டால், சனம் திரையைத்தான் வீட்டுக்கு எடுத்துப் போகும். மேடையில் பாடிய அந்தப் பெண்ணை மறந்துவிடும். படம் வேண்டுமானால் தொடக்கத்தில் போடுவோம், தர்க்கம் கடைசியில் இருக்கட்டும்.

பாளை டீச்சர்

வாழ்க்கையில் எது முதலில் வந்ததோ அதுதான் முதலில் வர வேண்டும் அண்ணாச்சி. 1926 முன்னால், 1967 பின்னால். ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டைக்கு வருகிறேன், உங்கள் குழுவில் எல்லோரையும் உட்கார வையுங்கள். அங்கே பேசிக்கொள்வோம்.

தென்காசி நர்ஸ்

ஞாயிறு எனக்குப் பகல் டியூட்டி. ஐந்து மணிக்கு மேல் வைத்தால் நானும் வருவேன்.